முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, "முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடி ஏறுவதையே விட்டுவிட்டேன், இனி இவ்வளவுதான்" என்று. அன்றிலிருந்து மனத்துக்குள் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

தேய்மானம் என்ற சொல்லை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் நர்ஸுகளான நமக்கும் பங்கு உண்டு. "படி ஏறாதீர்கள், கீழே உட்காராதீர்கள், நடையைக் குறையுங்கள்" என்று எத்தனை பேரிடம் சொல்லி அனுப்பியிருப்போம்! செருப்பைப் போல மூட்டும் நடக்க நடக்கத் தேயும் என்றுதானே கேட்பவருக்குப் படும்? ஆனால் மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றி எடுக்கும்போது மூட்டு நீர் அதற்குள் போய் வருவதில்தான் அதன் ஊட்டமே இருக்கிறது. படித்த காலத்திலேயே இது நமக்குத் தெரியும். நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நம் பேச்சை நம்பி முடங்கியவர்களுக்குத் தொடைத் தசை வற்றி, அதனாலேயே வலி கூடியிருக்கும். அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

போன மாதம் பூ விற்கும் அம்மா ஒருவர் வந்தார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். அதோடு மருந்துக் கடையில் தானாகவே கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது என்ன செய்யும் என்று விளக்கினேன். மருத்துவர் அதை நிறுத்தித் தடவும் மருந்து எழுதிக்கொடுத்தார். பிறகு அவரைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, துண்டு ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "இதை அமுக்குங்கள் அம்மா" என்றேன். அவருடைய கையையே எடுத்து அவர் தொடைமேல் வைத்தேன். தசை இறுகுவது விரலில் பட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "லாபம், இரண்டு, மூன்று" என்று பூவை முழம் போடுகிற கணக்கிலேயே ஐந்து வரை எண்ணித் தளர்த்தினார். அடுத்த முறை நான் சொல்லாமலே அமுக்கினார்.

துணைக்கு வந்த மருமகளுக்கு அவரையே சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். "மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கணும்" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை! திருப்பிச் சொல்லவைக்காமல் அனுப்பியிருந்தால் வீட்டில் அப்படியேதான் செய்திருப்பார். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நாம் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

1970களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் மூட்டு நோயாளிகளுக்கு வகுப்புகள் தொடங்கினார். அவரும் நர்ஸ்தான். வலி குறைந்ததற்குப் பயிற்சியை எவ்வளவு செய்தார்கள் என்பது மட்டும் காரணமாக இருக்கவில்லை. "என் வலியை என்னால் சமாளிக்க முடியும்" என்ற தெம்பு வந்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். அந்தப் பூக்கார அம்மாவின் முகத்தில் நான் பார்த்தது அந்தத் தெம்பைத்தான்.

இனி உன் விஷயம். எக்ஸ்-ரேயைப் பார்த்து மனம் உடையாதே. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமலும் இருக்கும். துண்டுப் பயிற்சியை இன்றே தொடங்கு. கொஞ்சம் வலித்தால் பயப்படாதே. மறுநாளும் வலி தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, விட்டுவிடாதே. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறையும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடி. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை. முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போ.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு உன் ஊருக்கு வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில்தான். விடுதி மொட்டை மாடியில் விடிய விடியப் பேசினோமே, அதுபோல உன் மாடியில் பாய் விரித்துப் பேச வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வா, நான் பின்னாலேயே வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி