அரங்கேற்றப் பட்டியலில் உள்ள ஒரு வரி பற்றி

அன்புள்ள நாட்டிய ஆசிரியைகளுக்கு,

வணக்கம். அரங்கேற்றத்துக்கு வாங்க வேண்டியவை என்று பெற்றோரிடம் ஒரு பட்டியல் கொடுப்பீர்களே, அதில் ‘டெம்பிள் செட் – 1’ என்று, அதாவது ஆடும்போது அணியும் கோயில் நகைத் தொகுதி ஒன்று என்று, ஒரு வரி வரும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் வடசேரிக்காரி. தலைசாமான், ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை என்று அந்தச் செட்டில் வரும் தலை நகைகள் எல்லாம் எங்கள் ஊரில் கையால் செய்யப்படுபவை. முதலில் கோயில் சாமிக்கு, அப்புறம் மேடைக்கு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும், என் மகளின் அரங்கேற்றத்துக்கு வெளியூர்க் கடை ஒன்றில் ‘நாகர்கோவில் செட்’ என்று சொன்னதை நம்பி வாங்கினேன். விலை குறைவு, வேறென்ன! கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை ஆடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நெற்றிச்சுட்டிக் கல் ஒன்று தெறித்து மிருதங்கக்காரர் பக்கம் உருண்டது.

மறுவாரம் வடசேரியில் வயதான தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார். “இது அச்சுல வார்த்தது மக்களே. கல்ல பசை வச்சு ஒட்டியிருக்கான். நான் எதப் பிடிச்சுச் சரி பண்ண?”

அவர் வேலை வேறு மாதிரி. வெள்ளியைத் தகடாக அடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்பு என்னும் சிவப்புக் கல்லைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, அழுத்தி அழுத்திக் கல்லைப் பிடிக்க வைக்கிறார். உள்ளே அரக்கு என்பதால்தான் பார்வைக்குப் பெரிதாக இருந்தும் தலையில் கனப்பதில்லை. ஒரு கல் போனால் அந்தக் கூட்டை மட்டும் திறந்து வேறு கல் வைக்கலாம். பாட்டி போட்டதைப் பேத்தி போடுவது அப்படித்தான். இத்தனைக்கும் அவர் மகன் இந்தப் பட்டறையில் உட்காரவில்லை. உட்காரச் சொல்ல அவருக்கும் மனமில்லை.

2007-08இல் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அது காப்பது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பெயரை. கடைக்காரர் வெறுமனே ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று எழுதி வைத்தால் யார் கேட்பது? நீங்கள்தான் கேட்க முடியும். பெற்றோர் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் ஆடும் ஆறு வயதுக் குழந்தைக்கு அச்சுச் செட்டே போதும், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. அரங்கேற்றத்துக்காவது ‘வடசேரி கைவேலை’ என்று எழுதிக் கொடுங்கள். நாலைந்து மாதம் முன்னதாகவே சொல்லுங்கள். அவசர ஆர்டர்தான் அச்சுக் கடைக்குப் போகிறது. எல்லாரும் புதிதாக வாங்கவும் வேண்டாம். பள்ளிக்கென்று நல்ல செட் ஒன்று இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாமே.

பெட்டியில் கிடக்கும் பழைய செட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பழுது பார்க்கும் கூலியும் இங்கே அடுப்பெரிக்கிறது. கல் விழுந்திருந்தால் ஒரு தாளில் மடித்து அதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வடசேரியிலிருந்து ஒரு தாய்