நீ கேட்ட பையனைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டால் எனக்குப் பகல் ஏது, இரவு ஏது. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். நிம்மதி. அதையே சாக்காக வைத்து மறுபடியும் ஆடக் கிளம்பிவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரி விண்ணப்பங்களில் மூழ்கிக் கிடக்கிறாள். கூடைப்பந்து என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

எங்கள் கல்லூரி அணிக்கு எடுக்கலாமா என்று நீ கேட்ட அந்தப் பள்ளிக் கூடைப்பந்துப் பையனுக்கு வருகிறேன். பெயரை எழுத மாட்டேன். கல்லூரியில் இன்னும் கையெழுத்திடாத மாணவனைப் பற்றி எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் வெளியில் கருத்துச் சொல்லக் கூடாது என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. கடிதம் கைமாறினால் எனக்குத்தான் வம்பு. யார் என்று உனக்குத் தெரியும்.

நீ பார்த்தது நான்கு நிமிட வீடியோ. அந்த மாதிரி வீடியோக்களில் உலகத்தில் எவனும் ஷாட்டைத் தவறவிடுவதில்லை. முழு ஆட்டம் பார்த்தால் கதை வேறு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: அவன் பாஸ் கொடுக்கும் திறமை வீடியோவில் தெரிவதைவிடப் பெரியது. வலப்பக்கம் ஸ்கிரீன் கிடைத்தது, அதாவது தோழன் ஒருவன் காவல்காரனை மறித்து நின்றான். அதைச் சுற்றி வந்தவன் வேகத்தைக் குறைத்தான், தன்னைத் துரத்தியவனை முதுகிலேயே வைத்துக்கொண்டான். பார்வையோ மைதானத்தின் மூலையில் நிற்கும் இன்னொரு தோழன் மேல். அந்த மூலையைக் காவல் காத்தவன் ஒரே ஒரு அடி வெளியே எடுத்து வைத்தான், அவ்வளவுதான். பந்து தரையில் ஒரு முறை பட்டு, உள்ளே ஓடிய உயரமான பையனின் கைக்குப் போய்விட்டது. இரண்டு முறை கழித்து அதே ஆட்டம், அதே பார்வை. இம்முறை காவல்காரன் அசையவில்லை. பந்து மூலைக்கே போனது. இதைப் பழக்கிக் கொடுக்க என்னால் முடியாது. அது வந்தால் வந்ததுதான்.

இனிக் குறைகள். இடக்கை அவனிடம் கிட்டத்தட்ட இல்லை. இடப்பக்கம் பந்தை இரண்டு முறை தட்டுவதற்கு மேல் போவதில்லை. உடனே சுழன்று வலக்கைக்கு வந்துவிடுகிறான். பள்ளி ஆட்டத்தில் யாரும் இதைக் கவனித்துத் தயாராக வருவதில்லை. கல்லூரியில் முதல் வாரமே எதிரணி வீடியோவைப் போட்டுப் பார்த்து, வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பான்.

ஷாட்டும் எனக்குக் கவலைதான். பந்தை நெஞ்சுக்குக் கீழிருந்து எடுத்து வருகிறான். பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 22 அடி 1¾ அங்குலம். அந்தக் கூடுதல் தூரத்துக்காக அவன் இன்னும் தாழ்ந்து, இன்னும் மெதுவாக எறிய வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு நீண்ட கை முகத்துக்கு முன்னால் வந்துவிடும். ஆனால் அவன் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காக யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிவதைப் பார்த்தாயா? மணிக்கட்டு சுத்தமாக மடிகிறது, பந்து ஒரே மாதிரி சுழல்கிறது. அந்தக் கோடு பள்ளியிலும் கல்லூரியிலும் தொழில்முறை ஆட்டமான என்பிஏவிலும் அதே 15 அடி. பள்ளியின் மூன்று புள்ளிச் சதவீதத்தைவிட நான் அதைத்தான் நம்புகிறேன்.

நீ என்பிஏ நட்சத்திரம் ஸ்டீபன் கரியை இழுத்திருந்தாய். ஒல்லியான பையனைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் அவரைத்தான் இழுக்கிறார்கள். அப்பா படித்த வர்ஜீனியா டெக் உதவித்தொகை இல்லாமல் வந்து சேரச் சொன்னது, டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி வாரி எடுத்துக்கொண்டது, 2008-இல் அந்த அணி நாடு தழுவிய போட்டியில் கடைசி எட்டு வரை போனது, எல்லாம் உண்மைதான். அதனால் பள்ளி வீரர்களுக்குப் போடும் நட்சத்திர மதிப்பீடெல்லாம் குப்பை என்று நீ முடிவு கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. நீ விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு: கரியும் ஒரு காலத்தில் இடுப்பருகிலிருந்துதான் எறிந்துகொண்டிருந்தார். அப்பா டெல் கரி, மகனின் பள்ளிக் காலத்திலேயே ஒரு கோடை முழுக்க உழைத்து அந்தக் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்தார். வீட்டிலேயே ஒரு என்பிஏ வீரர் இருந்தார். நம் பையனுக்கு யார் இருக்கிறார்?

அவன் அப்பாவும் வருகிறார், முன்வரிசையில்தான் உட்காருகிறார். தவறு செய்தவுடன் பையன் பயிற்சியாளரைப் பார்ப்பதில்லை, அப்பாவைப் பார்க்கிறான். அந்த அரை விநாடியில் அவன் காக்க வேண்டியவன் ஓடிவிடுகிறான். இடக்கையைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

தற்காப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பள்ளி அணி 2-3 ஜோன் ஆடுகிறது, அதாவது முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கிறார்கள். அவன் நிமிர்ந்து நின்று பந்தையே வேடிக்கை பார்க்கிறான், முதுகுக்குப் பின்னால் ஆள் நழுவிப் போகிறான். சோம்பல் என்று எழுதிவிடலாம். ஆனால் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும், அவன் போனால் அந்த அணியில் பந்தைக் கொண்டுவர ஆளில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி நிற்கிறானோ என்னவோ. போன கோடைப் போட்டிகளில் ஆளுக்கு ஆள் ஆடியபோது துரத்தத்தான் செய்தான். அங்கே இன்னொரு சிக்கல்: அணியில் ஐந்து பேரும் தன்னைக் காட்டிக்கொள்ள வந்தவர்கள். இவன் கொடுத்த பந்து திரும்பி வரவேயில்லை.

வேகத்தையும் அப்படித்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. விருப்பப்படும் மாநிலங்கள் 35 விநாடி ஷாட் கடிகாரம் (அதற்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும்) வைத்துக்கொள்ளலாம் என்று 2022-23 பருவத்திலிருந்தே அனுமதி இருந்தும் அவன் மாநிலம் வைக்கவில்லை. அதனால் அவன் பந்தைத் தட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வருகிறான். கல்லூரியில் 30 விநாடி. இது தானாகச் சரியாகிவிடும், உயரம் சரியாகாது. பட்டியலில் ஆறடி நான்கு என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன், காலணியோடு சேர்த்துத்தான் அது. கை நீளம், அது போதும்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் தயங்குகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2021-இலிருந்து ஒரு பருவம் உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆட முடிகிறது. இருபத்திரண்டு வயதில், தேறிய உடம்போடு ஒருவன் கிடைக்கும்போது, இடக்கை பழக்க வேண்டிய பதினெட்டு வயதுப் பையனுக்கு எதற்கு இடம் என்று கேட்கிறார். அதைவிடக் கசப்பான கேள்வியும் கேட்டார்: இரண்டு வருடம் உழைத்து இவனை நாம் தேற்றினால், மூன்றாம் வருடம் பெரிய கல்லூரி ஒன்று பணத்தைக் காட்டிக் கூட்டிப் போகாதா? போகும். அதற்காக யாரையுமே வளர்க்காமல் இருந்துவிட முடியுமா?

இப்போதே இடம் கொடுத்துவிடலாம் என்றுதான் என் அறிக்கையில் எழுதினேன். இந்தக் கோடை முடிந்தால் நம்மைவிடப் பெரிய ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் வருடம் பெஞ்சிலிருந்து வரட்டும், இரண்டாவது கார்டாக, பந்தைக் கொண்டுவருபவனுக்குத் துணையாக ஆடட்டும், பந்தை முழுதாக அவன் கையில் கொடுக்க வேண்டாம். ஷாட்டை உயர்த்தும் வேலையை முதல் நாளே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு மூன்றாம் வரிசைக்கு மேலே டிக்கெட். (கடைசி வரியைத் தலைமைப் பயிற்சியாளர் அடித்துவிட்டார்.)

உனக்கு ஒரு வேலை. மூன்று முழு ஆட்டங்களின் வீடியோவைத் தனியாக அனுப்புகிறேன். நீ பிறவி இடக்கைக்காரன், அதனால் கேட்கிறேன்: அவன் இடப்பக்கம் போகும்போது தடுமாறுவது கையா, தோளா, காலா? கால் என்றால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பந்து அவனிடம் இல்லாத நேரத்தையும் கொஞ்சம் பார். வெள்ளிக்கிழமை நாங்கள் முடிவெடுக்க உட்காருகிறோம், அதற்குள் எழுது.

அன்புடன்,
உன் பழைய அணித் தோழன்