ஒரே வரியில் முடிந்துபோன பத்து ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சி மன்றத்தில் தொடங்கி நாடாளுமன்றம் வரை சென்றவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரூர் மக்களவை உறுப்பினர் ஜோதிமணி 2011 சட்டமன்றத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் தோற்றது, 2019இல் மு. தம்பிதுரையை வென்று டெல்லி சென்றது, 2024இல் மறுபடியும் வென்றது எல்லாம் அதில் விரிவாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் 1996 முதல் 2006 வரை க.பரமத்தி ஊராட்சி ஒன்றியத்தில் அவர் கவுன்சிலராக இருந்த பத்து ஆண்டுகளுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. எனக்கு எந்தக் கட்சியோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இராமநாதபுரம் கடற்கரை ஒன்றிய அலுவலகங்களில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரிதான் கட்டுரையிலேயே விரித்து எழுதியிருக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

1996 அக்டோபரில் நடந்தது, ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தத்தை ஒட்டி வந்த 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் முதன்முதலாக நடந்த தேர்தல். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றதும், அதுவரை ஒன்றிய அலுவலகப் படியை மனுக் கொடுக்க மட்டுமே மிதித்தவர்கள் மன்றக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் சில கூட்டங்களில் உறுப்பினருக்குப் பின்னால் அவர் கணவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்ததையும், தேநீர் வந்தபோது முதல் குவளை அவருக்கே போனதையும் நான் மறைக்கப் போவதில்லை.

நான் வேலை பார்த்த ஒன்றியங்களில் ஒன்றில், மீனவக் குப்பத்திலிருந்து அப்படி வந்த ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். அவர் ஊரில் அப்போது தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளுவார்கள். அல்லது எட்டுக் குடம் செருகிய தள்ளுவண்டியை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஊருக்குக் குழாய் பதிக்கும் வேலை முடிந்ததாகப் பணம் கேட்கும் பட்டியல் வந்தது. செய்த வேலையை அளந்து எழுதும், எம்.புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் 420 மீட்டர் ஏறியிருந்தது. அன்றைய கூட்டத்தில் அந்தம்மா மடியிலிருந்து ஒரு வலைக்கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். குழாய் பதித்த நாள்களில் பள்ளத்தில் ஒரு குழாய் இறங்க இறங்க, ஒன்றுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு குழாய் ஆறு மீட்டர் என்பதை வேலையாட்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாராம். "சார், புஸ்தகப்படி எழுவது குழாய் கெடக்கணும். எங்கயித்துல அம்பத்திரெண்டு முடிச்சுத்தான் இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார். கூடத்தில் ஒருவரும் எண்ணவில்லை. பட்டியல் திருத்தத்துக்குத் திரும்பிப் போனது. மீதிக் குழாய் வந்து சேர இன்னும் ஏழெட்டு மாதம் ஆனது. வந்த பிறகும் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தது.

ஒன்றியக் குழுவில் ஒருவர் கற்றுக்கொள்வது இதைத்தான். பணம் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டு எந்தக் கையெழுத்தோடு வெளியே போகிறது, தீர்மானத்தில் ஒரு சொல்லை மாற்றினால் எது மாறுகிறது, அதிகாரி முடியாது என்று சொல்லும்போது விதி அப்படிச் சொல்கிறதா அல்லது அவர் மட்டும் சொல்கிறாரா என்பதெல்லாம் மேடைப் பேச்சில் வருவதில்லை. நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கைகளையும் தணிக்கை அறிக்கைகளையும் கையில் எடுக்கிறவருக்கு வேண்டியது இந்தப் பயிற்சியேயன்றி வேறில்லை; தொகை மட்டும்தான் கோடிகளில் இருக்கும். வல்லபாய் படேல் 1917இல் அகமதாபாத் நகராட்சிக்குள் உறுப்பினராக நுழைந்து 1924 முதல் 1928 வரை அதன் தலைவராக இருந்தவர். குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 1997இல் ஒடிசாவின் ராய்ரங்பூரில் கவுன்சிலராகத் தொடங்கியவர். இவர்களைப் பற்றி எழுதும்போதும் நாம் அந்தக் காலத்தைப் படிக்கல் என்ற ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறோம்.

இதை வைத்து, கவுன்சிலராக இருந்தவர் எல்லோரும் நல்ல எம்.பி. ஆவார் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நாடாளுமன்றம் போன பின்பும் கவுன்சிலராகவே இருந்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. 1993இல் தொடங்கிய தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றிருக்கிறது. பேருந்து நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, சமுதாயக் கூடம் என்று அதைப் பிரித்துக் கொடுத்துத் திறந்துவைப்பதிலேயே ஐந்து ஆண்டுகள் ஓடிவிடலாம். மக்களும் அதையே கேட்கிறார்கள். எங்கள் தெருவும் கேட்டது, மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் கடற்கரைக்கு அது போதாது. அரசமைப்புச் சட்டத்தில் மீன்வளம் மூன்று இடங்களில் வருகிறது. பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் அது ஐந்தாவது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 21ஆவது. அதே அட்டவணையில் மத்திய அரசுக்குரிய ஒன்றியப் பட்டியலிலோ, ஆட்சிக்கடலுக்கு அப்பாலான மீன்பிடிப்பு 57ஆவதாக நிற்கிறது. ஆட்சிக்கடல் என்பது கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல். தனுஷ்கோடிப் பக்கம் அது முடியுமுன்பே இலங்கையோடு 1974இல் வரைந்த எல்லைக்கோடு வந்துவிடுகிறது. ஒரு விசைப்படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட இரவில், வீட்டுப் பெண்கள் முதலில் தட்டுவது கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான். அவர் மனு எழுதுவார், மீன்வளத் துறை அலுவலகத்துக்கு உடன் போவார், ஆட்சியரைப் பார்ப்பார். அதற்குமேல் அவர் கை நீளாது. அந்த மனு வெளியுறவு அமைச்சகத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும்போது, எழுதிய கையின் பதற்றம் எல்லாம் வடிந்து, வெறும் எண்ணாக இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அவற்றைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் நிலைமையும் இதேதான். ஊராட்சியில் தீர்மானம் போட்டு வனத்துறைச் சட்டத்தை அசைக்க முடியாது.

ஆகவே வார்டில் முடியாமல் நின்ற கேள்வியை, டெல்லிக்கு ஏற்ற வடிவில் அங்கே எழுப்ப ஆள் வேண்டும். 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் மக்களவைக்கு வந்தபோது, அன்றைய இராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சு ஒப்பந்தத்தைத் தடுக்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். தடுக்கவில்லைதான், ஆனால் இக்கரையின் ஆட்சேபம் அவைக் குறிப்பில் ஏறியிருக்கிறது, இன்றும் கச்சத்தீவு பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தேடிப்போய் எடுக்கிறார்கள். கூட்டக் குறிப்பில் ஏறாத பேச்சு பேசாத பேச்சு என்பது எந்தக் கவுன்சிலருக்கும் தெரியும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்றும் உண்டு. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. எங்கள் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இடையில் எல்லாக் கையெழுத்தும், மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலருடையது. 2025 ஜனவரியில் அந்த மாவட்டங்களின் ஊரக மன்றங்கள் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. இருபத்தொரு வயதில் உள்ளாட்சிக்கு நிற்கலாம், இருபத்தைந்தில் மக்களவைக்கு நிற்கலாம் என்று சட்டம் வழி வைத்திருக்கிறது. 2016இல் இருபத்தொன்றான ஒரு மண்டபத்துப் பிள்ளைக்கோ தொண்டிப் பிள்ளைக்கோ அந்த வழி சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. விடாமுயற்சி ஒன்றினால் ஒருவர் மேலே வந்துவிட்டதாக எழுதும்போது, அவர் தொடங்கிய காலத்தில் அந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

வலைக்கயிறு கொண்டுவந்த அந்தம்மாவுக்கு அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. இப்போது கருவாடு காயவைத்து மொத்த வியாபாரிக்குப் போடுகிறார்; எடைபோடும்போது பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் அவருக்கு.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒன்றிய அலுவலகங்களில் தீர்மானப் புத்தகம் ஆண்டுவாரியாகப் பைண்டு செய்து வைப்பது வழக்கம். யார் எந்தப் பொருளில் என்ன ஆட்சேபித்தார் என்று அதில் இருக்கும். இதுபோன்ற கட்டுரையை அடுத்த முறை எழுத அனுப்பும் நிருபரை, முறையாக மனுப் போட்டு அந்தப் புத்தகங்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கையெழுத்தைப் படிக்கச் சிரமப்பட்டால் உடனிருந்து படித்துச் சொல்ல நான் வருகிறேன்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலக உதவியாளர்,
தங்கச்சிமடம்.