மான்ட்ரியலில் இருக்கும் மகளுக்கு, வீல் நட்டு விஷயமாக

நாமக்கல்

அன்புள்ள கண்ணு,

பனி டயரை நீயே மாற்ற ஒரு இம்பேக்ட் ரெஞ்ச், அதாவது நட்டு கழற்றும் பேட்டரி மெஷின், வாங்கலாமென்று நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் நம்பர்களெல்லாம் குழம்பிப்போகும், அதனால் எழுதுகிறேன்.

விலை கூடின அந்த மெஷின் உனக்கு வேண்டாம். பெட்டியில் 1400 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அது முறுக்கும் விசையைப் பவுண்ட்-அடியில் சொல்கிற கணக்கு. நியூட்டன் மீட்டரில் 1900 வரும். நம் பட்டறையில் பத்து நட்டு லாரிச் சக்கரத்தையே 600 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்குவோம். உன் ஹோண்டா சிவிக்குக் கம்பெனி சொல்வது 108 நியூட்டன் மீட்டர், அதாவது 80 பவுண்ட்-அடி. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதலில் எந்தக் கணக்கில் போட்டிருக்கிறான் என்று பார்.

இன்னொரு விஷயம். கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் கழற்றும்போது உள்ள விசை. முறுக்கும் அளவு அதைவிடக் குறைவு, அது சின்ன எழுத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். மகிட்டா கம்பெனியில் டிடிடபிள்யூ300 என்று ஒன்று உண்டு. கழற்ற 580, முறுக்க 330 நியூட்டன் மீட்டர். உனக்கு அந்த ரகம் தாராளம். 108-இல் முறுக்கிய நட்டுக்கு எதற்கு 580 என்று கேட்பாய். உங்கள் ஊரில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், நட்டு துருப்பிடித்து, அது ஏறி நிற்கிற போல்ட்டான ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். டயர் கடைக்காரன் ஏர் கன்னை வைத்து இஷ்டத்துக்கு இறுக்கியிருந்தால் அது வேறு. போதாக்குறைக்குக் குளிரில் பேட்டரியும் சோர்ந்துவிடும். இதையெல்லாம் தாண்டிக் கழற்றத்தான் அந்த மிச்சம். அதற்கு மேல் போனால் வெயிட்தான் கூடும். லாரிக்கான ரகம் பேட்டரியோடு மூன்று கிலோவைத் தாண்டும். பனியில் குந்தி உட்கார்ந்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது நீதான்.

நட்டைப் பிடிக்கும் பாக்ஸை மாட்டுகிற தலை அரை இஞ்ச் சதுரமாக இருக்கட்டும். மோட்டார் பிரஷ்லெஸ், அதாவது உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத ரகம். வேகம் இரண்டு மூன்று படியாக மாற்ற முடிய வேண்டும். 18 வோல்ட், 20 வோல்ட் என்று குழம்பாதே. உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான், முழுச் சார்ஜில் 20 காட்டும், சராசரி 18. மாப்பிள்ளையிடம் ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கிறதே, அது எந்தக் கம்பெனி என்று கேள். அதே கம்பெனியில் அதே பேட்டரி போகிற மெஷினாகப் பார்த்து, பேட்டரி இல்லாத வெறும் மெஷினை வாங்கினால் பாதிக் காசு மிச்சம். பேட்டரியைக் கராஜில் வைக்காதே, வீட்டுக்குள் வை. உறைகுளிரில் இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் உள்ளுக்குள் கெட்டுப்போகும்.

பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும். உன் வண்டிக்கு 19 மில்லி. இம்பேக்ட்டுக்கென்றே கறுப்பு நிறத்தில் வரும், அதையே வாங்கு. டூல் பெட்டியில் பளபளவென்று இருக்கிற குரோம் பாக்ஸை மாட்டி ஓட்டிவிடாதே. இந்த மெஷினுக்குள் ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கிறது, அதனால்தான் உன் கை முறுக்கிக்கொள்வதில்லை. அந்த அடியைக் குரோம் பாக்ஸ் தாங்காது, தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள், சத்தம் காதைப் பிளக்கும். அலாய் வீல் என்றால் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய பாக்ஸ் கிடைக்கும். திருட்டுக்குப் பயந்து ஒரு நட்டு மட்டும் லாக் நட்டாக இருந்தால் அதைக் கையாலேயே கழற்று, கன் அடித்தால் அதன் சாவி உடையும்.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெஷினில் மிச்சம் பிடித்த காசில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கு, வைத்த அளவுக்கு முறுக்கியதும் க்ளிக் என்று சொல்லுமே, அந்தக் கைச்சாவி. கழற்றுவதற்கு மெஷின், கடைசி முறுக்குக்குக் கை. இதில் மட்டும் அப்பா விட்டுக்கொடுக்க மாட்டேன். போன வருஷம் உங்கள் ஊர்க் கடையில் ஒரு ஸ்டட் முறிந்து உன்னிடமே காசு வாங்கினார்களே, அது கன்னை நட்டின் மேல் வைத்து அடித்துக்கொண்டே இருந்ததால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதிகமாக முறுக்கினால் ஸ்டட் இழுபடும். ஒரு நட்டு அதிகமாகவும் ஒரு நட்டு குறைவாகவும் முறுகியிருந்தால் பிரேக் டிஸ்க் கோணலாகி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். மெஷினில் 'ஆட்டோ' என்று ஒரு பட்டன் இருந்தால் அதையும் நம்பாதே, அது அளவு பார்த்து நிற்பதில்லை.

வேலை இப்படி. சமதரையில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வை. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் லேசாகத் தளர்த்து. அப்புறம் ஜாக்கி, அதோடு ஸ்டாண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கை நீட்டாதே. சக்கரம் தான் உட்காரும் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் டயரின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டு. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய், துருப் பொருக்கு இருந்தால் சக்கரம் சரியாக உட்காராது. ஸ்டட்டில் ஆயில், க்ரீஸ் பூசாதே, அந்த 108 காய்ந்த மரைக்குச் சொன்ன கணக்கு. நட்டை முதல் நாலு சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். கோணலாக ஏறிய நட்டை மெஷின் அப்படியே மரையைத் தின்றுகொண்டு இறக்கிவிடும். பிறகு குறைந்த வேகத்தில் மெஷினால் ஒட்ட வை, ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற வரிசையில். வண்டியை இறக்கி டார்க் ரெஞ்ச் பிடி. க்ளிக் என்றதும் விட்டுவிடு, இன்னொரு தரம் இழுக்காதே. வேலை முடிந்ததும் அதை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வை. அதை வைத்து நட்டு கழற்றவும் கூடாது.

ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தரம் டார்க் பார். கழற்றிய டயர்களில் எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வை. பனி டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுற்றும்படி மாட்டு.

கியூபெக்கில் டிசம்பர் 1-க்குள் பனி டயர் மாட்டியாக வேண்டும் அல்லவா? நவம்பர் முதல் வாரத்திலேயே, கை விறைக்காத ஒரு மத்தியானமாகப் பார்த்து முடித்துவிடு. டிரில்லிங் மெஷின் பேட்டரியைப் படம் எடுத்து அனுப்பு, எந்த மெஷின் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மா உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுக்கச் சொன்னாள்.

அப்பா