பாட்டே இல்லாத படம் ஒன்று பார்த்தேன், மாப்ளே

ரங்கூன்

அன்புள்ள மாப்ளே,

போன மாதம் பஸ்ஸில் கொடுத்துவிட்ட கடிதம் உன் கைக்கு வரவே இல்லை என்றாய். எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறதோ! அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கச்சி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி, அப்புறம் என் முட்டிவலிப் புராணம். முட்டி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் தடவை வேறு சங்கதி. அக்கா மகன் பென்டிரைவில் ‘ஆரண்ய காண்டம்’ போட்டுக் கொடுத்தான். 2011-இல் வந்த படம், என் கண்ணுக்கு இப்போதுதான் பட்டது. பேரைப் பார்த்துப் பக்திப் படம் என்று நினைத்து உன் தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போனவள் போனவள்தான். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. வடசென்னையில் ஒரே நாளில் நடந்து முடிகிற கதை, போனில் பார்த்து முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

ஜாக்கி ஷெராஃப் ஞாபகம் இருக்கிறதா? 1983-இல் வந்த ‘ஹீரோ’வை வீடியோ கொட்டகையில் பார்த்துவிட்டு நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரைப் போலவே நடந்தாயே! அவர்தான் இதில் சிங்கபெருமாள் என்கிற கிழட்டு தாதா. அவருக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம். ஊரே பயப்படுகிறது, உடம்பு மட்டும் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அந்த ஆத்திரத்தை எல்லார் மேலேயும் கொட்டுகிறார். வயசை மறைக்கப் பார்க்கிற தொழிலில் இந்த மனுஷன் வயசையே வேஷமாகப் போட்டிருக்கிறார். அவரிடமிருந்து தப்பி ஓடுகிற பசுபதியாக சம்பத். ‘7ஜி ரெயின்போ காலனி’யில் வந்த ரவி கிருஷ்ணாதான் சப்பை. பேருக்கேற்ற ஆள்.

என்னை உலுக்கியது இவர்கள் இல்லை, காளையன். நிலபுலன் எல்லாம் போய், ஒரு சேவலையும் மகனையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வரும் குடிகாரன். நடித்தவர் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர். பிற்பாடு ‘ஜோக்கர்’, மலையாளத்தில் ‘மின்னல் முரளி’ என்று எங்கேயோ போய்விட்டார். மகன் கொடுக்காப்புளிதான் அந்த அப்பனுக்கு அப்பன். சேவல் சண்டை வந்ததும் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம். சேவல் தோற்ற அன்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரப்பில் யாரையும் பார்க்காமல் நடந்து வருவார். காளையன் முகத்தில் அதே முகம், மாப்ளே. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

தியாகராஜன் குமாரராஜாவுக்கு இது முதல் படம். தயாரித்தவர் நம்ம எஸ்.பி.பி.யின் மகன் சரண். பாட்டுக்காரர் வீட்டிலிருந்து வந்த படத்தில் ஒரு பாட்டு கிடையாது! அதற்குப் பதில் யுவனின் பின்னணி இசை கதையைத் தோளில் சுமக்கிறது. பி.எஸ். வினோத் ஒளிப்பதிவில் புழுதிக்கும் அழுக்குச் சுவருக்கும்கூட ஒரு மினுக்கு வந்திருக்கிறது. தணிக்கையில் 52 வெட்டுச் சொன்னார்களாம். தீர்ப்பாயம் வரை போய்த்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். சண்டைப் பயிற்சியாளர் ராம்போ ராஜ்குமார் இதில் எதிர்க் கோஷ்டித் தலைவராக வருகிறார், பாவம், படம் வரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் பட இயக்குநருக்கும், படத்தொகுப்புக்காக பிரவீன், ஸ்ரீகாந்த் இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. வசூல்தான் இல்லை. அடுத்த படம் ‘சூப்பர் டீலக்ஸ்’ எடுத்து வெளியிட குமாரராஜாவுக்கு 2019 ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பார்க்கும்போது, சிங்கபெருமாள் வீட்டில் அடைத்து வைத்திருக்கிற சுப்பு மேல் ஒரு கண் வைத்துக்கொள். யாஸ்மின் பொன்னப்பா என்கிற பெண் நடித்திருக்கிறாள். ஆம்பளைகள் எல்லாம் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஓரமாய் அழுதுகொண்டிருக்கிறவளை நானும் சரியாகக் கவனிக்கவில்லை. முடிவு வந்ததும் திரும்பப் போட்டு முதலிலிருந்து அவளை மட்டும் பார்த்தேன். அந்தத் தலைப்பை ஏன் வைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது, இராமாயணத்தில் மாயமான் வருகிற காண்டமாச்சே. உன் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். “மானைப் பார்க்காமல் ஓடினது நீங்கதானே” என்றாள்.

பென்டிரைவை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், வேறு பஸ்ஸில். பிள்ளைகள் தூங்கின பிறகு பார், கெட்ட வார்த்தை மழையாகக் கொட்டும். திருப்பி அனுப்பும்போது உங்கள் மோல்மேன் பம்பளிமாஸ் நாலைந்து சேர்த்துக் கட்டிவிடு.

உன் பழைய கூட்டாளி