கடையடைப்பு இல்லை, அப்பா

ஒசாகா
26.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? மழை பிடித்துவிட்டதா? உப்பளத்தில் வேலை நின்றிருக்குமே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் நடந்துகொண்டே பேசியபோது, என் பின்னால் நீளமாகத் தெரிந்த வெறும் நடைபாதையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு ஆளையும் காணோம், கடையடைப்பா?" என்று கேட்டீர்கள். நான் சொன்ன பதில் உங்கள் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா "அங்க ஏதோ கலவரமாம்" என்று தம்பியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் லைனும் போய்விட்டது. கடிதம் என்றால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசிப்பீர்கள். அதனால்தான் சாவகாசமாக எழுதுகிறேன்.

கடையடைப்பும் இல்லை, கலவரமும் இல்லை. அந்த இடம் எப்போதும் அப்படித்தான்.

ஏ.டி.சி. என்பார்கள். ஆசியா பசிபிக் டிரேட் சென்டர். கடலைத் தூர்த்து உண்டாக்கிய சகிஷிமா என்ற தீவில், தண்ணீரை ஒட்டி நிற்கிற பெரிய வணிக வளாகம். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து சூவோ லைன் ரயிலில் போக வேண்டும். ஒசாகாகோ ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியில் குழந்தைகளும் தள்ளுவண்டிகளுமாக நிற்க இடம் இருக்காது. அங்கே கையூகான் என்று பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது, தொட்டிக்குள் திமிங்கலச் சுறாவே நீந்துகிறது. கூட்டம் முழுக்க அங்கே இறங்கிவிடும். பிறகு பெட்டியில் நானும், தூங்கி விழுகிற இரண்டு பேரும். அதுவரை மேம்பாலத்தில் ஓடிய ரயில் சட்டென்று குனிந்து கடலுக்கு அடியில் போகும். அடுத்த ஸ்டேஷன் காஸ்மோஸ்கொயர். அங்கே இறங்கி, ஓட்டுநரே இல்லாமல் ரப்பர் சக்கரத்தில் ஓடுகிற ஒரு குட்டி ரயிலில் ஒரு ஸ்டேஷன் போனால் ஏ.டி.சி. நடந்தும் போகலாம். ஆனால் குட்டி ரயிலின் முன்கண்ணாடி ஓரத்து இடம் காலியாக இருந்தால் நான் விடுவதில்லை. இந்த வயதில் என்ன விளையாட்டு என்று அம்மா கேட்பாள், கேட்கட்டும்.

இந்த வருஷம் ஏப்ரல் முதல் போன 13ஆம் தேதி வரை அடுத்த தீவில் எக்ஸ்போ நடந்ததல்லவா, அப்போது இதே சூவோ லைனில் மூச்சுவிட முடியவில்லை. இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வந்துபோனார்களாம். அத்தனை பெரிய கூட்டமும் காஸ்மோஸ்கொயரைத் தாண்டி நேராகப் போனதே தவிர, ஏ.டி.சி.யின் அமைதி பெரிதாகக் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு ஏன் காற்று வாங்குகிறது என்றுதானே கேட்பீர்கள்? 1980களில் ஜப்பானில் பணம் தண்ணீராக ஓடியது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. கடலைத் தூர்த்து, அந்த மண்ணில் புது வணிக நகரத்தையே எழுப்புவோம் என்று ஒசாகா மாநகராட்சி கிளம்பியது. கட்டி முடிப்பதற்குள் அந்த வீக்கம் வடிந்துவிட்டது. 1994-ல் ஏ.டி.சி. திறந்தார்கள், அடுத்த வருஷம் பக்கத்திலேயே 256 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம். எதிர்பார்த்த கம்பெனிகள் வரவில்லை.

அந்தக் கோபுரத்தின் கதை உங்களுக்குப் பிடிக்கும். மாநகராட்சி இங்கே கோபுரம் கட்டும்போது, மாநில அரசு மாதிரி இருக்கிற ஒசாகா மாகாண நிர்வாகம் விமான நிலையத்துக்கு எதிரே இன்னொரு கோபுரம் கட்டியது. நம் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினார்களே, அதே கதைதான். மாநகராட்சிக்காரர்கள் 252 மீட்டர் என்று வைத்திருந்ததை, மாகாணத்துக்காரர்கள் 256 என்று தெரிந்ததும் 256 ஆக்கினார்கள். உடனே மாகாணத்துக்காரர்கள் 10 சென்டிமீட்டர் கூட்டி 256.1 ஆக்கிவிட்டார்கள்! கடைசியில் என்ன ஆயிற்று? மாநகராட்சிக் கோபுரம் கடனில் மூழ்கி, 2010-ல் அதே மாகாண நிர்வாகத்தின் கைக்கே போய்விட்டது. இப்போது அதில் அரசு அலுவலகங்கள் இயங்குகின்றன. உச்சி வரை ஏறிப் பார்க்கலாம், நீங்கள் வரும்போது கூட்டிப்போகிறேன். 2011 மார்ச் 11-ல் வடக்கே பெரிய பூகம்பம் வந்தபோது, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் இந்தக் கோபுரம் பத்து நிமிஷம் ஊஞ்சல் மாதிரி ஆடியதாம், பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல். லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் அதை வலுப்படுத்திவிட்டார்கள்.

முதல் தடவை போனபோது எனக்கும் உங்கள் சந்தேகம்தான் வந்தது. "கூட்டம் இருக்கிற கடையில வாங்கு, அங்கதான் சரக்கு புதுசா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நீங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் உங்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, யார் முதுகிலோ மூக்கு இடிக்க நடந்தவள் நான். எனக்குக் கடைத்தெரு என்றால் அதுதான். அப்படிப்பட்டவள் இங்கே வந்து, விளக்கெல்லாம் எரிய, தரை பளபளக்க, எஸ்கலேட்டர் யாருக்கோ ஏறி இறங்க, ஒரு மனிதரும் இல்லாமல் பார்த்ததும், தப்பான கதவு வழியாக நுழைந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்தேன். நான் ஒருத்திதான், இருந்தாலும் அந்தப் பெண் நூறு பேருக்கு வைக்கிற குரலில் "இரஷ்ஷைமாஸே" என்று வரவேற்றாள். வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாகி, தேவையில்லாமல் இரண்டு துண்டு வாங்கினேன்.

வந்த புதிதில் உமேதாவில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லவில்லை. அது இந்த ஊரின் மையம். பூமிக்கு அடியில் கடையும் சுரங்கப்பாதையுமாக அது ஒரு தனி ஊர். வேலை முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்குள் புகுந்தவள் முக்கால் மணி நேரம் வெளியே வர வழி தெரியாமல் சுற்றினேன். ஒரே பேக்கரியை நாலு முறை கடந்தேன். எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள், நின்று யோசிக்கவும் ஓரம் இல்லை. கடைசியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கு அடுத்த ஞாயிறுதான் கூட வேலை பார்க்கும் ஒருவர் "ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போங்கள்" என்று ஏ.டி.சி. பெயரைச் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இதுவரை கேட்கவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறாவது போய்விடுகிறேன். வாங்குவதற்கு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையல் சாமான், துணிமணி, மேசை நாற்காலி காட்சிக்கூடங்கள், குழந்தைகள் ஓடியாட ஒரு உள்ளரங்கம், அவ்வளவுதான். ஒரு தளத்தில் வயதானவர்களுக்கான சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கைத்தடி, தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டி, சாய்கிற கட்டில், கழிவறைக் கைப்பிடி என்று எல்லாவற்றையும் தொட்டு, உட்கார்ந்து, எழுந்து பார்க்கலாம். அம்மாவின் முட்டிவலியை நினைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கையே மெதுவாக நம்மை எழுப்பி நிறுத்திவிடுகிறது. நான் ஐந்து தடவை எழுந்தேன். யாரும் "வாங்குறீங்களா இல்லையா" என்று முறைக்கவில்லை.

ஆனால் நான் போவது அதற்காக அல்ல. கட்டடத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து அகலமான படிகளும் மரப்பலகைத் தளமும் இருக்கின்றன. நம் ஊர் ரோச் பூங்காவில் உட்காருவோமே, அந்த மாதிரி, ஆனால் சுண்டல்காரர் இல்லை. டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு இரண்டு படி கீழே ஒரு தாத்தாவும் பாட்டியும் வழக்கமாக வருகிறார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. தாத்தா ஆரஞ்சு உரித்துப் பாதியைப் பாட்டி கையில் வைப்பார், பாட்டி விதையை அவர் கையிலேயே திருப்பித் துப்புவார். சூரியன் இறங்குகிற வரை இதுதான் நடக்கும்.

நீங்கள் போனில் பார்த்த அன்றைக்கு ஒரு கூத்து. தீபாவளி திங்கட்கிழமை என்றாலும், லீவு இல்லாததால் நாங்கள் நாலு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டில் கூடிச் சாப்பிட்டோம். அம்மா எடுத்துக் கொடுத்த மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையில் இருந்தேன். அப்படியே ஏ.டி.சி.க்குப் போய்விட்டேன். அன்று அங்கே காஸ்பிளே கூட்டம். காமிக்ஸ், கார்ட்டூன் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீல முடி, அட்டைக் கத்தி, முதுகில் இறக்கை, கூடவே இழுத்துக்கொண்டு வருகிற சக்கரப் பெட்டி. வெள்ளை முடியோடு ஒரு பெண் ரொம்பப் பணிவாகக் குனிந்து, "நான்னோ கியாரா தெஸ்கா?" என்று கேட்டாள். என்ன பாத்திரம் என்று அர்த்தம். நான் "தூத்துக்குடி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மரியாதையாக நாலு போட்டோ எடுத்தாள். இந்நேரம் அவளுடைய சிநேகிதிகள் தூத்துக்குடி எந்தத் தொடரில் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஏ.டி.சி.யை ஒட்டியே கப்பல் நிறுத்துமிடம். ஒவ்வொரு சாயங்காலமும் அங்கிருந்து தெற்கே கியூஷு தீவுக்குக் கப்பல் கிளம்புகிறது. பெப்பு என்ற ஊருக்குப் போகிற கப்பல் இரவு ஏழு மணிக்கு மேல் புறப்பட்டு, மறுநாள் காலையில் போய்ச் சேரும். கிட்டத்தட்ட 200 மீட்டர் நீளம், எழுநூறு பேருக்கு மேல் ஏறலாம். கிரேன் இல்லை, வலை இல்லை, மூட்டையை எண்ணி டாலிக் கணக்கு எழுத ஆள் இல்லை. லாரிகள் தாமாகவே கப்பலின் வயிற்றுக்குள் ஓடிப்போய் நின்றுகொள்கின்றன. நீங்கள் முப்பது வருஷம் வெயிலில் நோட்டும் பென்சிலுமாக நின்று எண்ணிய மூட்டைகள் ஞாபகம் வந்தன.

கப்பலின் பெயர் சன்ஃபிளவர் குரேனாய், 2023-ல் வந்தது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இந்த ஒசாகா - பெப்பு வழியில் முதல் குரேனாய் மாரு ஓடத் தொடங்கியது 1912-ல். வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்ததும் அதே 1912-ல்தானே. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை அதற்கு முந்தின வருஷமே கலைத்துவிட்டார்கள். 2011-ல் கொழும்புக்குக் கப்பல் திரும்ப ஓடுகிறது என்று என்னையும் தம்பியையும் பைக்கில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீர்கள். ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தீர்கள். சில மாதத்தில் அதுவும் நின்றது. இங்கே பெயர் மாறவில்லை, கப்பல்தான் மாறிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, அப்பா.

அன்று புறப்பாடு வரை இருந்து பார்த்தேன். மேல்தளத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள், கரையில் இருந்தவர்களும் காட்டினார்கள். நானும் காட்டினேன், யாரென்று தெரியாமலேயே. ஹெல்மெட் போட்ட ஆள் கரையில் வடம் மாட்டுகிற பொல்லார்டுத் தூணிலிருந்து வடத்தின் கண்ணியைத் தூக்கிக் கழற்றித் தண்ணீரில் விட்டார். அது ஒரு பெரிய சத்தத்தோடு விழுந்து, சொட்டச் சொட்ட மேலே ஏறியது. கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை, நடுவில் இருந்த கறுப்புத் தண்ணீர்தான் அகலமாகிக்கொண்டே போனது.

அந்த வடம் நைலானா, வேறு ஏதாவதா என்று அடுத்த போனில் கேட்பீர்கள் என்று தெரியும். இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் போகும்போது பார்த்து எழுதுகிறேன். மக்ரூன் அனுப்புவதாக இருந்தால் அரைக் கிலோ போதும், போன முறை பாதி நொறுங்கிப்போய் ஸ்பூனால் சாப்பிட்டோம்.

அன்புடன்,
உங்கள் பாப்பா

பின்குறிப்பு: அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது கோபுரம் ஆடிய இடத்தையும் உமேதாவையும் தாண்டிவிடுங்கள். ஏற்கனவே வாசித்துவிட்டீர்கள் என்றால், நான் வேலை செய்வது இரண்டாவது மாடியில்தான் என்று சொல்லுங்கள்.