திங்கட்கிழமை வராத பையன்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். கைமடி என்னும் உதவியாள் வேலையில் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டி, இன்று ஒரு தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருப்பவன் எழுதுகிறேன். 'ஆட்கள் தேவை' அட்டை உங்கள் கேட்டில் வெளுத்துப்போய், மறுபடியும் எழுதி மாட்டப்படுகிறது. இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை என்கிறீர்கள்.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அன்று கோபம் வந்தால் கொடி பிடித்தார்கள். குறை என்னவென்று உங்கள் அப்பாக்களின் காதில் விழுந்தது. இன்றைய பையன் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறான். திங்கட்கிழமை பக்கத்துத் தெருக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறான். ஏன் போனான் என்று ஆபீஸில் யாரும் கேட்பதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனின் விரலில் ஊசி ஏறி உடைந்தது. உடைந்த துண்டு முழுவதும் கிடைத்து நோட்டில் ஒட்டினால்தான் சரக்கு நகரும். துணிக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது, ஏற்றுமதியில் அந்த விதி வேண்டியதுதான். நானும் மெஷினுக்கு அடியில் காந்தத்தை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் விரலைச் சட்டையில் சுற்றிக்கொண்டு நின்றான். துண்டு கிடைத்ததும், "பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. தப்பு என்னுடையது. ஆனால் மணிக்கு எத்தனை பீஸ் என்பதைத் தவிர, அந்தக் கம்பெனியில் என்னிடம் வேறெதையும் கேட்டதே இல்லை.

இப்போதைய இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஹெல்பர் பிளாட்லாக் தையல் மெஷின் பழக ஆசைப்பட்டான். மேனேஜரிடம் கேட்டேன். சும்மா கிடக்கும் மெஷினில் தினமும் அரை மணி நேரம் உட்காரட்டும், அந்த நேரத்தை ஷிப்டில் கழிக்க வேண்டாம் என்றார். நான் சொல்லிக்கொடுத்த நேரத்துக்கு லைன் டார்கெட்டையும் குறைத்தார். (பாதிப் பீஸ் டேமேஜ்தான், மறைப்பானேன்.) இன்று அவன் டெய்லர். வெளியே கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ஊரிலிருந்து தம்பியையும் அழைத்து வந்திருக்கிறான்.

கூலி உயர்வு தனிப் பேச்சு, அதை நான் விட்டுத்தரவில்லை. அதற்கு முன்பே முடிகிற காரியம் இரண்டு. பழக்கிவிடும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதுங்கள். ஊருக்குப் போக நான் ஒருவனுக்கு நான்கு நாள் லீவு சொன்னால், ஆபீஸில் அதை ரத்து செய்யாதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வருவானா என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்